பழைய அலமாரிக்கு ஸ்ப்ரே பெயிண்ட்டா, புதுக் கதவா, புது அலமாரியேவா?

படுக்கையறை அலமாரியை மாற்றுவதா, பெயிண்ட் அடித்து வைத்துக்கொள்வதா என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் கதவின் முன்பக்கத்தைப் பார்த்துத்தான் குழம்புகிறார்கள். பார்க்க வேண்டிய இடம் அதுவல்ல. கதவைத் திறந்து கீல் பூட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள். பிறகு குனிந்து, அடிப்பலகை தரையோடு சேரும் விளிம்பைப் பாருங்கள். நிறம் மங்கியது, மைக்கா பழைய மோஸ்தராகிவிட்டது, கைப்பிடி கறுத்துவிட்டது என்பதெல்லாம் மேல்பூச்சுச் சமாச்சாரம். கீல் திருகு நிற்கவில்லை, அடிப்பலகை ஊறிப் பருத்திருக்கிறது என்றால் நோய் உடம்பில் இருக்கிறது. அதன்மேல் எவ்வளவு நேர்த்தியாக ஸ்ப்ரே அடித்தாலும் கதவு தொங்கத்தான் போகிறது.

திருப்புளி எடுத்துக் கீல் திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள். இறுகி நின்றால் நல்லது. சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே தூள் உதிர்ந்து ஓட்டை பெருத்துவிட்டது. ஒன்றிரண்டு திருகுதான் அப்படி என்றால் பயப்பட ஒன்றுமில்லை: ஓட்டையை 8 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கி, அதே அளவு மரக்குச்சியை மரப்பசையோடு அடித்து இறக்கி, மறுநாள் 2 மி.மீ. சிறுதுளை போட்டுத் திரும்பத் திருகலாம். பலகையின் தடிமன் 16 அல்லது 18 மி.மீ.தான் இருக்கும், துளை 12 மி.மீ. ஆழத்தோடு நிற்க வேண்டும். டிரில் பிட்டில் 12 மி.மீ. அளந்து டேப் சுற்றிக்கொண்டு இறக்கினால் மறுபக்கத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வராது. எல்லாக் கீலிலும் இதே கதை என்றால், அந்தப் பலகையை நம்பி வேலை செய்யாதீர்கள்.

அடுத்து, கதவுகளைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் (கதவு நீங்கலான அலமாரி உடலின்) மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு எடுங்கள். இரண்டுக்கும் 3 மி.மீ.க்குள் வித்தியாசம் இருந்தால் பெட்டி நேராக நிற்கிறது. அதிகம் என்றால் பெரும்பாலும் பின்பலகையின் ஆணி விட்டிருக்கும். பெட்டியைச் சதுரத்துக்குத் தள்ளி நிறுத்திப் பின்பலகையைத் திரும்ப அடித்தால் சரியாகிவிடும். தண்ணீர் பட்டு ஊறிய பார்ட்டிகிள் போர்டு (மரத்துணுக்குப் பலகை) மட்டும் சரியாகாது. காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது, பட்டி பூசித் தேய்த்தால் அடுத்த ஈரத்தில் மறுபடி வீங்கும். கரையான் மண்கோடோ, தட்டினால் பொள்ளலான சத்தமோ, கீழே மாவுபோல் கொட்டிக் கிடக்கும் தூளோ தெரிந்தால் பெயிண்ட் பேச்சே வேண்டாம். முதலில் பூச்சி, பிறகு மிச்சமிருக்கும் மரத்தின் பலம், அதற்குப் பிறகுதான் நிறம்.

எதனால் செய்தது என்று தெரியாமல் பெயிண்ட் வாங்காதீர்கள்

கீல் உட்காரும் 35 மி.மீ. வட்டக்குழியைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் ப்ளைவுட். மரத்துணுக்குகளை ஒட்டி அழுத்தியதுபோல் இருந்தால் பார்ட்டிகிள் போர்டு. மாவைப் பிசைந்து இறுக்கியதுபோல் சீராக இருந்தால் எம்.டி.எஃப். முகத்தில் இருப்பது வேறு விஷயம்: மர வெனீர் (பலகைமேல் ஒட்டும் மெல்லிய மரத்தாள்), மைக்கா, மெலமைன் தாள், பி.வி.சி. ஃபாயில், பழைய பெயிண்ட் என்று எதுவாகவும் இருக்கலாம். பெயிண்ட் பிடிக்குமா பிடிக்காதா என்பதை முடிவு செய்வது முகம். அலமாரி நிற்குமா நிற்காதா என்பதை முடிவு செய்வது உள்ளே இருப்பது.

ஸ்ப்ரேவுக்கு மிகவும் ஒத்துழைக்கும் வகை, இரும்பு பீரோ. துரு இருக்கும் இடத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டி, 120 எண் உப்புத்தாளால் பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை தேய்த்து, துருத் தடுப்பு பிரைமர் கொடுத்துவிட்டால் மேலே எந்த எனாமலும் உட்காரும். இரும்பு ஈரத்தில் வீங்குவதில்லை, உறிஞ்சுவதும் இல்லை. பீரோவை வைத்துக்கொண்டு மாற்றலாமா என்று யோசிப்பவர்களுக்கு எங்கள் பதில் ஒன்றுதான்: பூட்டும் கீலும் வேலை செய்தால் மாற்றாதீர்கள்.

ஏற்கெனவே பெயிண்ட் அடித்த எம்.டி.எஃப். கதவும் நல்ல ஆள்தான். அதன் முகம் கண்ணாடிபோல் வரும். விளிம்புதான் தாகம் எடுத்தவன் மாதிரி பெயிண்ட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். பழைய பூச்சு தேய்ந்து எம்.டி.எஃப். வெளியே தெரியும் விளிம்புகளில் முதலில் ஷெல்லாக் (அரக்கு) பிரைமரோ மெல்லிய பட்டியோ இழுத்து, காய்ந்தபின் 240 எண் தாளால் தேய்த்து, அதற்குப் பிறகுதான் மற்ற இடத்தோடு சேர்த்து பிரைமர் அடிக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் விளிம்பு மட்டும் சொரசொரவென்று மங்கலாகத் தெரியும், எத்தனை கோட் அடித்தாலும்.

மரமும் வெனீரும் பிரச்சினை இல்லாதவைபோலத் தோன்றும். ஆனால் மரக்கணுவும் சாயமுள்ள மரமும் வெள்ளைப் பெயிண்ட்டின் ஊடாக மஞ்சள் கறையாகக் கசியும். சாதாரணத் தண்ணீர் பிரைமர் அதைத் தடுக்காது, ஷெல்லாக் பிரைமர் தடுக்கும். வெனீர் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மெஷின் போட்டுத் தேய்த்தால் ஓரத்தில் அடிப்பலகை எட்டிப்பார்த்துவிடும், கையால் 180 போட்டு லேசாகத் தேய்த்தால் போதும். ஒன்று சொல்லியாக வேண்டும்: நல்ல தேக்கு, நல்ல வெனீர் என்றால் அதை மூடிவிடும் கலர் ஸ்ப்ரே வேண்டாம். பழைய பாலிஷை எடுத்துவிட்டு, நிறமில்லாத பூச்சை ஸ்ப்ரே கன்னில் அடியுங்கள்.

மைக்காவும் மெலமைனும்தான் தகராறு. வழவழப்பான, எதையும் உறிஞ்சாத பரப்பு. சாதாரண மர பிரைமர் அதன்மேல் தாள்போலப் படிந்து, நகம் பட்டால் உரியும். 220 எண் தாளால் பளபளப்பு முழுக்கப் போகும்வரை தேய்த்து, வழவழப்பான பரப்புக்கென்றே செய்யப்பட்ட ஒட்டு பிரைமர் அடித்தால் நிற்கும். பி.வி.சி. ஃபாயில் சுற்றிய கதவில் நடுவழி கிடையாது. ஃபாயில் எல்லா மூலையிலும் இறுக்கமாக இருந்தால் மைக்கா மாதிரியே நடத்தலாம். ஒரு மூலை கிளம்பியிருந்தாலும் ஹீட் கன் காட்டி முழுவதையும் உரித்துவிட்டு, உள்ளே இருக்கும் எம்.டி.எஃப்.புக்குப் பெயிண்ட் அடியுங்கள். பாதி உரிந்ததை ஒட்டி அதன்மேல் அடித்தால் பெயிண்ட்டோடு சேர்ந்து கிளம்பும்.

சந்தேகம் இருந்தால் கதவின் உள்பக்கம் மேல்மூலையில், உள்ளங்கை அளவு இடத்தில் தேய்த்து, பிரைமர், கலர் எல்லாம் அடித்து ஒரு வாரம் விடுங்கள். பிறகு பிளேடால் 2 மி.மீ. இடைவெளியில் நேராக ஆறு கோடு, குறுக்காக ஆறு கோடு கீறுங்கள். 25 சின்னக் கட்டங்கள் கிடைக்கும். அதன்மேல் நல்ல ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். கட்டங்கள் முழுசாக நின்றால் மொத்த அலமாரிக்கும் போகலாம். கட்டங்களே டேப்போடு வந்துவிட்டால் பிரைமரை மாற்ற வேண்டும், அல்லது பெயிண்ட் எண்ணத்தை மாற்ற வேண்டும். பெயிண்ட் ஆலைகளிலும் இந்தச் சோதனையைத்தான் செய்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 2409 என்ற தர எண்ணில் இதற்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு, 0தான் முதல் வகுப்பு.

டப்பா ஸ்ப்ரேவா, கன்னா?

கணக்குப் போட்டால் விடை தானாக வரும். 7 அடி உயரம், 4 அடி அகலம், 2 அடி ஆழமுள்ள இரட்டைக் கதவு அலமாரியை எடுத்துக்கொள்வோம். கதவுகளின் வெளிப்பக்கம் 28 சதுர அடி, உள்பக்கம் 28, இரண்டு பக்கவாட்டுப் பலகைகள் 28. விளிம்புகளையும் சேர்த்தால் 90 சதுர அடி வந்துவிடும். ஒரு 400 மி.லி. டப்பா, அடிநிறம் தெரியாமல் மூட 12 சதுர அடிக்கு மேல் போகாது. ஆக கலருக்கே 7, 8 டப்பா. பிரைமருக்கு இன்னும் 5. மேலே நிறமில்லாத பூச்சு வேண்டுமென்றால் அதற்குத் தனி. இதைவிடப் பெரிய தொல்லை, டப்பாவின் விசிறல் கையகலம்தான். 7 அடிக் கதவில் பட்டை பட்டையாகத் தெரியாமல் அதை இழுப்பது தேர்ந்த கைக்கே சிரமம். இழுப்பறை முகப்பு, கைப்பிடி, கண்ணாடிச் சட்டம், கட்டில்பக்கச் சிறுமேசை, இவற்றுக்கு டப்பா அருமை. முழு அலமாரிக்கு அது தவறான கருவி.

கன் என்றால் அதே 90 சதுர அடிக்கு, காற்றில் வீணாவதையும் சேர்த்து, இரண்டு கோட் பிரைமருக்கு இரண்டரை லிட்டர், இரண்டு கோட் கலருக்கு இரண்டரை லிட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். எச்.வி.எல்.பி. வகைக் கன் அதிகக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் அடிப்பதால் பெயிண்ட் பறந்து வீணாவது குறைவு. பிரைமருக்கு 1.8 மி.மீ., கலருக்கு 1.3 அல்லது 1.4 மி.மீ. நாசில் (பெயிண்ட் வெளிவரும் துளைமுனை). கவனிக்க வேண்டியது கம்ப்ரசர். இந்தக் கன்களுக்கு நிமிடத்துக்கு 8 முதல் 12 கன அடி காற்று வேண்டும். 1 குதிரைத்திறன் சிறு கம்ப்ரசர் அதில் பாதிகூடத் தராது. கதவின் மேல்பாதி நன்றாக வரும், கீழே இறங்குவதற்குள் அழுத்தம் விழுந்து துளி பெருத்துவிடும். கைப்பழக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு பலரும் திரும்பத் திரும்ப அடிப்பது இதனால்தான். காற்று போதாத இடத்தில், கம்ப்ரசர் இல்லாமல் தானே காற்றை ஊதும் டர்பைனோடு வரும் கன் தேவலை. கம்ப்ரசர்தான் என்றால் குழாயில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

மூன்றாவது வழி, கதவுகளை மட்டும் கழற்றி, ஸ்ப்ரே பூத் (ஸ்ப்ரே அடிப்பதற்கென்றே உள்ள அறை) உள்ள பட்டறைக்கு அனுப்புவது. இதற்குத்தான் எங்கள் ஓட்டு. கதவுகளைச் சுலபமாகக் கழற்றலாம், பெட்டியைக் கழற்ற முடியாது. அலமாரியில் கண்ணுக்குப் படுவதில் முக்கால்வாசி கதவு. பட்டறையில் தூசி குறைவு, இரண்டு பாகப் பி.யூ. பெயிண்ட் (ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன்) அடிக்கும் வசதி உண்டு. வீட்டில் மிஞ்சுவது 18 மி.மீ. அகலச் சட்ட விளிம்புகளும் பக்கவாட்டுப் பலகையும். அவற்றுக்கு அதே நிறத்தை 4 அங்குல நுரை ரோலரால் உருட்டிவிடலாம். ரோலரின் லேசான புள்ளித் தடம் குறுகிய விளிம்பில் யார் கண்ணுக்கும் தெரியாது. பக்கவாட்டுப் பலகை அறைக்குள் நுழைந்ததும் தெரிகிற மாதிரி இருந்தால் மட்டும் அந்த ஒரு பலகையைத் தாள்கட்டி ஸ்ப்ரே செய்யலாம்.

மொத்தத்தையும் ரோலரிலேயே முடித்தால் என்ன? முடிக்கலாம். மேட் (பளபளப்பில்லாத) அல்லது சாட்டின் (லேசாகப் பளபளக்கும்) பூச்சில், நன்றாகப் பரவிக்கொள்ளும் பெயிண்ட் எடுத்தால், இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பளபளப்பான பூச்சுக்கு ரோலர் ஆகாது. கதவை வெளியே எடுத்து அடிக்க இடமில்லாதவர், மோசமாக ஸ்ப்ரே செய்வதைவிட நன்றாக ரோலர் போடுவது மேல்.

பெயிண்ட் அடிக்காமல்

பழைய மைக்காவின்மேலேயே புது மைக்கா ஒட்டுவது, ஒட்டும் ஃபிலிம் சுற்றுவது, புதுக் கதவு மட்டும் போடுவது, எல்லாவற்றையும் தூக்கிவிட்டுப் புதிது வாங்குவது என்று நான்கு வழி. ஃபிலிம் சீக்கிரம் முடியும், வாடகை வீட்டுக்குப் பொருத்தம், கழற்றவும் செய்யலாம். தட்டையான கதவுக்கு மட்டும்தான். செதுக்கல், பள்ளம் உள்ள கதவில் சில மாதத்திலேயே உள்மூலைகளில் கிளம்பும். மைக்கா ஒட்டினால் கீறலுக்குப் பெயிண்ட்டைவிடப் பலமடங்கு தாங்கும், குழந்தைகள் அறைக்கு அதுவே நல்ல தேர்வு. ஆனால் இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் 7 அடிக் கதவு வில்லாக வளையும். தடிமனும் கூடுவதால் கீலைத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

புதுக் கதவு, பழைய பெட்டி என்பது பலரும் நினைத்தே பார்க்காத நடுவழி. பெட்டி ப்ளைவுட், திருகு இறுகி நிற்கிறது, கதவு மட்டும் வளைந்துவிட்டது அல்லது ஃபாயில் உரிந்துவிட்டது என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. பழைய கீல்குழி இருந்த அதே உயரத்தில் புதுக் கதவிலும் குழி போடச் சொல்லி அளவு கொடுங்கள், பெட்டியில் புதுத் துளை தேவைப்படாது. முழுசாக மாற்றுவது நியாயமாகும் இடங்கள் மூன்றுதான்: பெட்டி ஊறிவிட்டது, பூச்சி தின்றுவிட்டது, அல்லது உள்ளமைப்பே உங்களுக்கு ஆகவில்லை. கடைசிக் காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தொங்கவிடும் இடம் போதவில்லை, தட்டுகள் ஆழமாகி உள்ளே போனது வெளியே வருவதில்லை என்றால் பெயிண்ட் அந்தக் குறையைத் தீர்க்காது.

எந்தப் பெயிண்ட்

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் 15, 20 நிமிடத்தில் தொட்டால் ஒட்டாமல் காய்ந்துவிடும், அதனால் தூசி ஒட்ட நேரமில்லை. ஆனால் செண்ட்டும் நெயில் பாலிஷ் ரிமூவரும் சிந்தும் அறைக்கு அது பலவீனமான பூச்சு. மழைநாளில் அடித்தால் வெள்ளைப் பனிபோல் மங்கும். எண்ணெய் எனாமல் கெட்டியானது, வாசனை பல நாள் நிற்கும். வெள்ளை எனாமலில் இன்னொரு குணம் உண்டு: வெளிச்சம் படாத இடத்தில்தான் சீக்கிரம் மஞ்சளாகும். மூடியே கிடக்கும் கதவின் உள்பக்கம், வெளிப்பக்கத்துக்கு முன்பே நிறம் மாறிவிடும். வெள்ளை, கிரீம் என்று முடிவானால் எனாமல் வேண்டாம்.

இரண்டு பாகப் பி.யூ.தான் இருப்பதிலேயே கடினமானது. அதைப் பட்டறையோடு விட்டுவிடுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட். ஸ்ப்ரே செய்யும்போது அது துளியாக மூச்சில் ஏறினால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை உடம்பு ஒவ்வாமைக்குப் பழகிவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சுத்திணறும். மணத்தை வைத்து ஆபத்தைக் கண்டுபிடிக்க முடியாது. வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடி போட்டு அடிக்க வேண்டிய சரக்கு அது, துணி மாஸ்க்கில் அடிப்பது அல்ல.

வீட்டில் நீங்களே அடிப்பதானால் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக்-பி.யூ. ஒரு பாகப் பெயிண்ட் எடுங்கள். மஞ்சளாகாது, நாற்றம் குறைவு, கன்னைத் தண்ணீரில் கழுவலாம். அதன் ஒரே குறை பொறுமை கேட்பது. ஒரு மணி நேரத்தில் தொட்டுப் பார்க்கலாம், முழுசாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். இதற்கும் துளி வடிகட்டும் மாஸ்க் வேண்டும். தின்னர் கலந்த எதுவானாலும் கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க், திறந்த ஜன்னல், அறையிலும் அடுத்த அறையிலும் அடுப்பு, ஊதுவத்தி எதுவும் எரியக் கூடாது.

பளபளப்பில் சாட்டின் எடுங்கள். முழுப் பளபளப்பான (கிளாஸ்) பூச்சு பட்டி பார்த்த இடத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கும். முழு மேட்டில் கை படும் இடம் தேய்ந்து பளபளக்கும்.

வேலை நடக்கும் வரிசை

கதவுகளைக் கழற்றியதும் ஒவ்வொன்றுக்கும் எண் போடுங்கள். எண்ணை எழுத வேண்டிய இடம் கீல் குழிக்குள். குழிக்கு மேல் டேப் ஒட்டிவிட்டால் அங்கு பெயிண்ட் போகாது, எண்ணும் அழியாது. கைப்பிடியை மாற்றுவதாக இருந்தால் இப்போதே வாங்கிவிடுங்கள். பழையதின் துளை இடைவெளி 96 மி.மீ., புதிது 128 என்றால் பழைய துளைகளை எபாக்சி பட்டியால் அடைத்துப் புதுத் துளை போட வேண்டும். பெயிண்ட்டுக்குப் பிறகு இது நினைவுக்கு வந்தால் பயனில்லை.

கழுவுவதுதான் பாதி வேலை. கைப்பிடியைச் சுற்றி ஒரு சாண் இடத்தில் பல வருடத் தலையெண்ணெயும் கைப்பிசுக்கும் ஏறியிருக்கும். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் துடைத்து, சுத்தமான நீரில் துடைத்து, காய்ந்தபின் ஐசோபிரப்பைல் ஆல்கஹாலில் ஒரு துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டே பின்னாலேயே உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். ஒரே துணியால் துடைத்தால் பிசுக்கைப் பரப்புவதுதான் மிச்சம். கழுவிய பிறகுதான் தேய்க்க வேண்டும். முதலில் தேய்த்தால் உப்புத்தாள் எண்ணெயைக் கீறலுக்குள் அழுத்திவிடும். மிகப் பழைய பெயிண்ட் என்றால் அதில் ஈயம் இருக்கலாம். உலரத் தேய்க்காமல் தண்ணீர்த்தாள் போட்டு ஈரமாகத் தேய்த்து, சேற்றைத் துணியால் வழித்தெடுங்கள்.

பிறகு பட்டி, 240 தாள், முதல் பிரைமர். முதல் பிரைமர் விழுந்தவுடன் அதுவரை தெரியாத பள்ளமும் கீறலும் வெளியே வரும். இதுதான் அவற்றை அடைக்கும் நேரம். சாய்வாக டார்ச் அடித்துப் பார்த்து, மெல்லிய பட்டியால் தொட்டுத் தொட்டு அடைத்து, 320 போட்டுத் தேய்த்து, இரண்டாவது பிரைமர். மறுபடி 320, தூசி துடைப்பு, கலர் இரண்டு கோட், நடுவில் 400 தாளால் லேசான தேய்ப்பு.

அடிக்கும்போது கன் பரப்பிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளி இருக்கட்டும். டப்பா என்றால் 25 முதல் 30. கை வளைந்து வீசாமல் கதவுக்கு இணையாக நகர வேண்டும். கதவின் விளிம்புக்கு வெளியே விசையை அழுத்தி, மறுவிளிம்பு தாண்டிய பின் விடுங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும். முதலில் விளிம்புகள், அப்புறம் உள்பக்கம், கடைசியாக வெளிப்பக்கம். கதவின் மேல் விளிம்பில் இரண்டு கொக்கித் திருகு போட்டுத் தொங்கவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே நாளில் முடியும், அந்தத் துளை யார் கண்ணுக்கும் படாது.

பெட்டியின் உள்ளே பெயிண்ட் வேண்டாம். மூடிய இடத்தில் அது இறுக அதிக நாள் எடுக்கும், துணியெல்லாம் அந்த வாடை ஏறும், தட்டில் வைத்த பொருள் ஒட்டிக்கொள்ளும். துடைத்து, தட்டுக்குத் தாள் விரித்தால் போதும்.

எங்கே சொதப்பும்

பரப்பில் சின்னச் சின்ன வட்டக் குழிகள் தோன்றினால் சிலிக்கான். பல ஃபர்னிச்சர் பாலிஷ் ஸ்ப்ரேக்களில் அது உண்டு. மேலே இன்னொரு கோட் அடித்து மூட முடியாது. காயவிட்டுத் தேய்த்து, மறுபடி சுத்தம் செய்து, ஷெல்லாக் பிரைமரில் இருந்து தொடங்க வேண்டும். ஆரஞ்சுத் தோல்போல் புள்ளி புள்ளியாக வந்தால் பெயிண்ட் கெட்டி, அல்லது காற்று போதவில்லை. வழிந்தால் மெதுவாக நகர்ந்திருக்கிறீர்கள். ஈரத்தில் துடைக்காதீர்கள், மறுநாள் பிளேடால் சீவி 400 போட்டுத் தேய்த்துவிட்டு அந்தப் பலகை முழுவதற்கும் ஒரு கோட் கொடுங்கள். தொட்டால் மணல்போல் இருந்தால் துளி பரப்பை அடையும் முன்பே காய்ந்துவிட்டது: தூரம் அதிகம், அல்லது ஃபேன் ஓடுகிறது. டப்பா பெயிண்ட்டில் சுருக்கம் விழுவது நேரக் கணக்கு தவறியதால். ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த கோட், இல்லையென்றால் 24 அல்லது 48 மணி நேரம் கழித்து என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். இடையில் அடித்தால் கீழ்க்கோட் கரைந்து சுருங்கும்.

சட்டத்துக்குள் உட்காரும் கதவாக இருந்தால் இடைவெளியை முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். பிரைமரும் கலருமாக நாலைந்து கோட் விழுந்தால் ஒரு விளிம்புக்கு 0.15 முதல் 0.2 மி.மீ. ஏறும். கதவு விளிம்பு, சட்ட விளிம்பு இரண்டையும் சேர்த்தால் 0.4 வரை போகும். ஏற்கெனவே லேசாக உரசிக்கொண்டிருந்த கதவு இனி மாட்டிக்கொள்ளும். அதைப் பெயிண்ட்டுக்கு முன்பே இழைத்துவிட வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, சனி ஞாயிறில் முடிந்துவிடும் என்று நம்பாதீர்கள். கழற்றிக் கழுவித் தேய்க்க ஒரு நாள், பட்டியும் பிரைமரும் இரண்டு நாள், கலர் ஒரு நாள். மாட்டுவதற்கு முன் மூன்று நாளாவது நிற்க வைத்துக் காயவிடுங்கள். மாட்டிய பிறகும் முதல் இரண்டு வாரம் கதவை இறுக மூடாதீர்கள். கதவு வந்து மோதும் இடங்களில் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டிவிடுங்கள். புதுப் பெயிண்ட் பரப்பும் சட்டமும் நேரடியாக அழுந்தினால் ஒன்றோடொன்று ஒட்டி, திறக்கும்போது ஒரு பக்கத்துப் பூச்சை மறுபக்கம் இழுத்துக்கொண்டு வரும். மிஞ்சிய கலரைப் பெரிய டின்னிலேயே விட்டால் மேலே ஆடை கட்டும். ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி, நிறத்தின் எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள். கைப்பிடி ஓரத்தில் முதல் சில்லு பெயரும்போது அதுதான் கைகொடுக்கும்.